உள்ளூர்த் தொற்றுச் செய்திகள் நிறைந்த வாரம்: நோயாளிகளும் பராமரிப்போரும் அறிய வேண்டியவை

அறிமுகம்

பெருந்தொற்றுக் காலத்தில் எல்லா வாரங்களும் ஒரே தன்மையுடையவை அல்ல. தொலைதூர நாடுகளைப் பற்றிய செய்திகளை ஓரளவு அமைதியுடன் கேட்டுக்கொண்டிருந்தவர்கள்கூட, தங்கள் தெருவின் பெயரோ உறவினர் வாழும் ஊரின் பெயரோ செய்தியில் இடம்பெறும் வாரத்தில் உறக்கத்தை இழக்கின்றனர். ஏற்கெனவே நீண்டகால நோய்க்குச் சிகிச்சை பெற்று வருவோரும் அவர்களைப் பராமரிப்போரும் அத்தகைய வாரத்தை எவ்வாறு கடப்பது என்பதை இப்பக்கம் விளக்குகிறது.

தென்காசி மாவட்ட மக்களுக்கு இது புதிய அனுபவம் அன்று. 2019 நவம்பர் 22 அன்று திருநெல்வேலி மாவட்டத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமாகி நான்கு மாதங்களே நிறைவடைந்திருந்த நிலையில், 2020 மார்ச் 25 முதல் நாடு தழுவிய ஊரடங்கு நடைமுறைக்கு வந்தது. அடுத்த மாதம் புளியங்குடியில் தொற்று கண்டறியப்பட்டோரின் எண்ணிக்கை உயர்ந்தபோது, மாவட்டம் முழுவதும் ஒவ்வொரு மாலையும் அன்றைய அறிவிப்புக்காகக் காத்திருந்தது. 2021 மே மாதத்தில் இரண்டாம் அலையின்போது படுக்கை, ஆக்சிஜன் பற்றிய செய்திகளே எங்கும் பேசப்பட்டன. 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளின் சாரல் காலத்திலும் குற்றாலம் அருவிகளில் குளிக்க அனுமதி இல்லை. ஆண்டு வருமானத்தின் பெரும்பகுதியை அந்த மூன்று மாதங்களில் ஈட்டும் கடைக்காரர்கள், விடுதிப் பணியாளர்கள், ஆட்டோ ஓட்டுநர்கள், எண்ணெய் தேய்த்துவிடும் தொழிலாளர்கள் ஆகியோருக்குத் தொற்றுச் செய்தி என்பது உடல்நலச் செய்தியாக மட்டும் இருக்கவில்லை.

2023 டிசம்பர் மூன்றாம் வாரத்தைப் பலர் நினைவில் வைத்திருப்பர். கேரளத்தில் ஜேஎன்.1 என்னும் உருமாறிய கொரோனா வகை கண்டறியப்பட்டதாகச் செய்தி வந்தது. ஐயப்ப பக்தர்கள் குற்றாலம் வழியாகச் சென்று வரும் காலம் அது. அதே வாரத்தில், டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களில், தென்மாவட்டங்களில் வரலாறு காணாத மழை பெய்தது. வெள்ளம், மின்தடை, கூடவே புதிய வைரஸ் பற்றிய செய்தி என மூன்றும் ஒன்றாக வந்தன. பின்னர் ஜேஎன்.1 வகை பெரும்பாலானோருக்கு லேசான பாதிப்பையே ஏற்படுத்தியது என்பது தெளிவாயிற்று. ஆனால் அந்த வாரத்தில் யாரும் அதை உறுதியாகக் கூறியிருக்க முடியாது.

இத்தகைய வாரங்களில் மருத்துவத் துறையினர் மீண்டும் மீண்டும் காண்பது ஒன்று உண்டு. தொற்றினால் வரும் தீங்கு ஒருபுறம் இருக்க, தொற்றைப் பற்றிய அச்சத்தில் எடுக்கப்படும் முடிவுகளும் உயிருக்கு ஆபத்தாகின்றன. மாத்திரையை நிறுத்துதல், டயாலிசிஸ் சிகிச்சையைத் தள்ளிப்போடுதல், நெஞ்சுவலியைப் பொறுத்துக்கொண்டு வீட்டிலேயே இருத்தல், காய்ச்சலை மறைத்தல் ஆகியவை இவற்றுள் முதன்மையானவை. இவற்றைத் தவிர்ப்பது பெரும்பாலும் உங்கள் கையிலேயே உள்ளது.

அச்சம் உடலில் ஏற்படுத்தும் மாற்றங்கள்

அச்சப்படுவது பலவீனத்தின் அடையாளம் அன்று. ஆபத்தை உணரும்போது உடல் அட்ரினலின், கார்டிசால் ஆகிய இயக்குநீர்களைச் சுரக்கிறது. இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் உயர்கின்றன. கல்லீரல் சேமித்து வைத்துள்ள சர்க்கரையை இரத்தத்தில் விடுகிறது. ஓடித் தப்ப வேண்டிய ஆபத்துக்கு இந்த ஏற்பாடு பொருத்தமானது. ஏழு நாள்கள் நீடிக்கும் செய்தி அழுத்தத்துக்கு இது பொருந்துவதில்லை. உறக்கமின்மை, பசியின்மை, வயிற்றுக்கோளாறு, தலைவலி, காரணமின்றி எரிச்சல் கொள்ளுதல், தொண்டையில் ஏதோ அடைத்திருப்பது போன்ற உணர்வு ஆகியவை தோன்றலாம்.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் இவ்வாரத்தில் தங்கள் இரத்தச் சர்க்கரை அளவு வழக்கத்தைவிட உயர்ந்திருப்பதைக் காணக்கூடும். உணவில் மாற்றம் ஏதும் இல்லாதபோதும் இது நிகழலாம். அதைக் கண்டு தாமாகவே மாத்திரையின் அளவைக் கூட்டிக்கொள்ளாமல், மருத்துவரிடமோ செவிலியரிடமோ தெரிவிக்க வேண்டும். இரத்த அழுத்த அளவைப் பொறுத்தவரை, செய்தி பார்த்து முடித்த உடனே எடுக்கும் அளவு நம்பத்தக்கதன்று. ஐந்து நிமிடங்கள் அமைதியாக அமர்ந்திருந்த பின் எடுக்கவும்.

அன்றாட எண்ணிக்கையைப் படிக்கும் முறை

அச்சத்தின் பெரும்பகுதி எண்ணிக்கையைத் தவறாகப் புரிந்துகொள்வதால் வருகிறது. ஆகையால் இதனைச் சற்று விரிவாகக் காண்போம்.

சுகாதாரத் துறையின் அறிவிப்பில் பல எண்கள் இருக்கும். அன்று புதிதாகத் தொற்று உறுதியானவர்கள், தொடக்கம் முதல் அன்றுவரை மொத்தம் பாதிக்கப்பட்டோர், குணமடைந்து வீடு திரும்பியோர், தற்போது சிகிச்சையில் உள்ளோர், உயிரிழந்தோர் என அவை தனித்தனியே தரப்படுகின்றன. இவற்றுள் 'மொத்தம் பாதிக்கப்பட்டோர்' என்பது ஒருபோதும் குறையாத எண். குணமடைந்த ஒவ்வொருவரும் அதில் அடங்குவர். செய்தித் தலைப்புகள் பெரும்பாலும் இந்த எண்ணையே முன்னிறுத்துகின்றன. உங்கள் ஊரின் இன்றைய நிலையை அறிய விரும்பினால் 'தற்போது சிகிச்சையில் உள்ளோர்' என்ற எண்ணைப் பாருங்கள்.

அடுத்தது கால இடைவெளி. இன்று அறிவிக்கப்படும் எண்ணிக்கை இன்றைய நிலையைக் காட்டுவதில்லை. 2020இல் பரவிய வகையில், வைரஸ் உடலில் புகுந்து அறிகுறி தோன்றச் சராசரியாக ஐந்து நாள்கள் ஆயின. அறிகுறி தோன்றிய பின் ஒருவர் பரிசோதனைக்கு வர ஓரிரு நாள்கள் ஆகும். மாதிரி ஆய்வகத்துக்குச் சென்று முடிவு வர மேலும் ஓரிரு நாள்கள் ஆகும். எனவே இன்று நீங்கள் காணும் எண், சென்ற வாரத்தில் நிகழ்ந்த பரவலின் கணக்கு. பின்னர் வந்த ஒமைக்ரான் வகைகளில் அறிகுறி தோன்றும் காலம் ஏறத்தாழ மூன்று நாள்களாகக் குறைந்தது. எனினும் இடைவெளி முற்றிலும் மறைவதில்லை. தெருவை அடைத்த பிறகும் எண்ணிக்கை ஒரு வாரம் உயர்ந்துகொண்டே போனால், கட்டுப்பாடு பயனளிக்கவில்லை என்று பலர் மனம் தளர்கின்றனர். அது இந்த இடைவெளியின் விளைவு. உயிரிழப்பு எண்ணிக்கையோ மேலும் இரண்டு, மூன்று வாரங்கள் பின்தங்கியே வரும். புதிய பாதிப்பு குறையத் தொடங்கிய பிறகும் உயிரிழப்பு உயர்வது போலத் தோன்றுவதன் காரணம் இதுவே.

மூன்றாவதாக, பரிசோதனைகளின் எண்ணிக்கையைக் கேளுங்கள். விளக்கத்துக்காக ஒரு கணக்கு: ஒரு நாளில் 500 பேரைப் பரிசோதித்து 25 பேருக்குத் தொற்று இருந்தால் அது 5 விழுக்காடு. மறுநாள் காய்ச்சல் முகாம்கள் நடத்தி 2,000 பேரைப் பரிசோதித்து 60 பேருக்குத் தொற்று இருந்தால் அது 3 விழுக்காடு. தலைப்பில் '25இல் இருந்து 60 ஆக உயர்வு' என்றே வரும். உண்மையில் மறைந்திருந்த தொற்று கண்டறியப்பட்டுள்ளது. அதற்காகவே முகாம் நடத்தப்படுகிறது.

தென்காசி மாவட்டத்தின் மக்கள்தொகை 2011 கணக்கெடுப்பின்படி சுமார் 14 லட்சம். ஒரு நாளில் 70 பேர் சிகிச்சையில் இருப்பதாகக் கொண்டால், அது 20,000 பேரில் ஒருவர் என்ற அளவாகும். இதனால் கவனக்குறைவாக இருக்கலாம் என்று பொருளில்லை. உங்கள் வீட்டு வாசலில் நோய் நிற்கிறது என்ற உணர்வுக்கும் உண்மையான நிகழ்தகவுக்கும் உள்ள தொலைவை இக்கணக்கு காட்டுகிறது.

எல்லைச் செய்திகள் குறித்து ஒரு சொல். கேரளத்தில் நிபா போன்ற நோய் கண்டறியப்படும்போது புளியரை சோதனைச் சாவடியில் மருத்துவக் குழுவினர் பயணிகளைப் பரிசோதிப்பது வழக்கம். அந்தக் காட்சி தொலைக்காட்சியில் வந்ததும், நோய் செங்கோட்டைக்கு வந்துவிட்டதாக எண்ணிக்கொள்வோர் உண்டு. 2018இல் நிபா தோன்றிய கோழிக்கோடு இங்கிருந்து வெகு தொலைவில் உள்ளது. சோதனைச் சாவடியில் வெப்பமானி பிடிக்கப்படுவது முன்னெச்சரிக்கை மட்டுமே. அதனால் நோய் இங்கே இருப்பதாக ஆகாது. புனலூருக்கும் கொல்லத்துக்கும் நாள்தோறும் சென்று வருவோர், காய்ச்சல் இருந்தால் அக்குழுவினரிடம் மறைக்காமல் கூற வேண்டும். அது போதும்.

செய்திகளை எவ்வளவு கேட்பது?

ஒரு நாளில் ஒரு முறை, ஒரு நம்பகமான இடத்திலிருந்து, பதினைந்து நிமிடங்களுக்கு மிகாமல் என்பது நடைமுறைக்கு உகந்த அளவு. அறிவிப்பு நாளுக்கு ஒரு முறையே வெளியாகிறது. அதே எண்ணைப் பன்னிரண்டு முறை கேட்பதால் புதிதாக ஏதும் தெரிந்துவிடாது. அச்சம் மட்டுமே பன்னிரண்டு மடங்காகும். உறங்கும் நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே செய்திகளை நிறுத்திவிடுங்கள்.

கடையநல்லூர், வடகரை, செங்கோட்டை போன்ற ஊர்களில் வளைகுடா நாடுகளில் பணிபுரியும் உறவினர்கள் இல்லாத குடும்பங்கள் குறைவு. அவர்கள் பணி முடிந்து, ஊர்ச் செய்திகளை அங்கிருந்தே படித்துவிட்டு, நம் நேரப்படி இரவு பதினொரு மணிக்கு அழைப்பர். அவர்களின் கவலை நியாயமானது. ஆயினும் இரவு அழைப்பில் தொற்று பற்றிய பேச்சைத் தவிர்க்கலாம் என்று குடும்பத்துக்குள் ஓர் ஏற்பாடு செய்துகொள்வது நல்லது. வீட்டிலுள்ள ஒருவர் காலையில் நிலவரத்தைச் சுருக்கமாகக் குரல்பதிவாக அனுப்பிவிட்டால், அங்குள்ளவர்களுக்கும் மனம் அமைதி பெறும்.

முதியவர்கள் இருக்கும் வீடுகளில் தொலைக்காட்சி நாள் முழுவதும் ஓடிக்கொண்டிருக்கும். செவித்திறன் குறைந்தவர்கள் ஒலியைக் கேளாமல் சிவப்பு எழுத்துகளை மட்டும் பார்த்து, நிலைமையை மேலும் மோசமாக எண்ணிக்கொள்வர். தொலைக்காட்சியை வலிந்து அணைப்பது சச்சரவில் முடியும். அதற்கு மாறாக, அருகில் அமர்ந்து அன்றைய நிலையை இரண்டு வாக்கியங்களில் கூறிவிட்டு, அவர்கள் விரும்பும் வேறு நிகழ்ச்சிக்கு மாற்றிவிடலாம். "ஒன்றும் இல்லை" என்று கூறி மறைப்பதைவிட "நம் ஊரில் சிலருக்கு வந்திருக்கிறது, நாம் செய்ய வேண்டியதைச் செய்கிறோம்" என்று கூறுவதே அவர்களை அமைதிப்படுத்தும். நினைவாற்றல் குறைபாடு உள்ளவர்களுக்கு ஒரே விளக்கத்தைப் பலமுறை கூற நேரிடும். ஒவ்வொரு முறையும் அதே சொற்களில் கூறுங்கள்.

வாட்ஸ்அப்பில் வரும் குரல்பதிவுகள் தனிக் கவனத்துக்குரியவை. 'பெரிய மருத்துவமனையில் பணிபுரியும் மருத்துவர் பேசுகிறார்' என்று தொடங்கும் பதிவில் பேசுபவரின் பெயர், பணியிடம், நாள் ஆகியவை இல்லையெனில் அதனை யாருக்கும் அனுப்ப வேண்டாம். ஐயம் இருந்தால் 104 என்ற எண்ணில் கேட்டுத் தெளிவு பெறலாம்.

வழக்கமான சிகிச்சையை நிறுத்த வேண்டாம்

இப்பக்கத்தில் ஒரு பகுதியை மட்டுமே படிக்க நேரம் இருந்தால், இதனைப் படியுங்கள்.

2020 ஊரடங்குக் காலத்தில், மாரடைப்புக்காக மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டோரின் எண்ணிக்கை இந்தியா முழுவதும் குறைந்தது. மாரடைப்பு குறைந்துவிட்டது என்று இதற்குப் பொருள் கொள்ள முடியாது. பலர் வரவில்லை, அல்லது காலம் கடந்து வந்தனர். இந்தியாவில் 2019இல் சுமார் 24 லட்சம் காசநோயாளிகள் பதிவு செய்யப்பட்டனர். 2020இல் அது சுமார் 18 லட்சமாகக் குறைந்தது. அந்த இடைவெளியில் உள்ள ஆறு லட்சம் பேரில் பெரும்பாலோர் நோயின்றி இருந்தவர்கள் அல்லர். நோய் கண்டறியப்படாமல், சிகிச்சையின்றி இருந்தவர்கள்.

டயாலிசிஸ் சிகிச்சை பெறுவோர் ஒரு முறையைத் தவறவிட்டாலும் உடலில் நீரும் பொட்டாசியமும் தேங்கி, இதயத் துடிப்பு பாதிக்கப்படலாம். தொற்றுக்கு அஞ்சி இதனைத் தள்ளிப்போடுவது எவ்வகையிலும் ஏற்கத்தக்கதன்று. உங்கள் பகுதி கட்டுப்படுத்தப்பட்ட பகுதியாக அறிவிக்கப்பட்டால், அன்றே மையத்துக்குத் தொலைபேசியில் தெரிவித்து, அடுத்த சிகிச்சை நாளுக்கான பயண அனுமதிக்கும் ஊர்திக்கும் ஏற்பாடு செய்துகொள்ளவும். தடுப்புக்கு அப்பால் நிற்கும் காவலரிடமும் சுகாதார ஆய்வாளரிடமும் சிகிச்சை அட்டையைக் காட்டலாம். மருத்துவத் தேவைக்காக வெளியே செல்லக் கட்டுப்பாட்டுப் பகுதிகளிலும் வழி உண்டு.

காசநோய் மருந்துகளை இடையில் நிறுத்தினால் கிருமி மருந்துக்குக் கட்டுப்படாத தன்மையைப் பெறக்கூடும். வலிப்பு நோய் மருந்தை திடீரென நிறுத்தினால் ஓரிரு நாள்களிலேயே வலிப்பு வரலாம். இதயத்தில் ஸ்டென்ட் வைக்கப்பட்டவர்கள் இரத்தம் உறையாமல் காக்கும் மாத்திரையை ஒரு நாளும் தவறவிடக் கூடாது. மனநல மருந்துகளும் அவ்வாறே. மாத்திரைகள் இன்னும் எத்தனை நாள்களுக்கு இருக்கின்றன என்று இன்றே எண்ணிப் பாருங்கள். பத்து நாள்களுக்குக் குறைவாக இருந்தால் பெற்றுக்கொள்ள ஏற்பாடு செய்யவும். 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின்கீழ் இரத்த அழுத்தம், சர்க்கரை நோய் ஆகியவற்றுக்கான மருந்துகள் வீட்டுக்கே கொண்டுவந்து தரப்படுகின்றன. உங்கள் பெயர் பதிவாகவில்லையெனில், அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலோ துணை சுகாதார நிலையத்திலோ கேட்டுப் பதிவு செய்துகொள்ளலாம்.

இன்சுலின் பயன்படுத்துவோர் மின்தடை பற்றிக் கவலைப்படுவதுண்டு. தற்போது பயன்பாட்டில் உள்ள குப்பியை வெயில் படாத குளிர்ந்த இடத்தில் ஏறத்தாழ நான்கு வாரங்கள் வரை வைத்துப் பயன்படுத்தலாம். மணல் நிரப்பி நீர் தெளித்த மண்பானைக்குள், நீர் புகாத உறையில் இட்டு வைப்பது நம் ஊர்களில் நன்கு பயன் தந்த முறை. பனிப்பெட்டியில் உறைந்துபோன இன்சுலினைப் பயன்படுத்தக் கூடாது.

நெஞ்சின் நடுவில் அழுத்தும் வலி, அது இடது கைக்கோ தாடைக்கோ பரவுதல், வியர்த்துக் கொட்டுதல் ஆகியவை இருந்தால் அது எந்த வாரமாக இருந்தாலும் 108 ஊர்தியை அழைக்கவும். 2023இல் தொடங்கப்பட்ட 'இதயம் காப்போம்' திட்டத்தின்கீழ் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே மாரடைப்புக்கான முதல்நிலை மாத்திரைகள் வழங்கப்பட்டு, உயர் சிகிச்சைக்கு அனுப்பிவைக்கப்படுகின்றனர். முகம் ஒருபுறம் கோணுதல், கை கால் தளர்தல், பேச்சுக் குழறுதல் ஆகியவை பக்கவாதத்தின் அறிகுறிகள். இவற்றுக்கும் நிமிடங்கள் முக்கியமானவை.

கருவுற்ற பெண்கள் மாதாந்திரப் பரிசோதனையையும் குழந்தைகளின் தடுப்பூசியையும் தள்ளிப்போடாமல், செல்லும் நேரத்தைக் கிராம சுகாதார செவிலியரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளவும்.

மது அருந்தும் பழக்கமுள்ளவர்கள் குறித்தும் இங்கே குறிப்பிடுவது அவசியம், ஏனெனில் குடும்பத்தினர் இதனை வெளியில் கூறத் தயங்குகின்றனர். 2020 மார்ச் இறுதியில் மதுக்கடைகள் மூடப்பட்டதைப் போல மது திடீரெனக் கிடைக்காமல் போகும்போது, நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவர்களுக்கு இரண்டு, மூன்று நாள்களில் கைநடுக்கம், வியர்வை, உறக்கமின்மை, இல்லாததைக் காணுதல், வலிப்பு ஆகியவை தோன்றலாம். இது உயிருக்கு ஆபத்தான மருத்துவ நிலை. உடனே அரசு மருத்துவமனைக்கு அழைத்து வரவும்.

மூச்சுத்திணறலா, பதற்றமா?

செய்தி அழுத்தம் மிகுந்த வாரங்களில் புறநோயாளிகள் பிரிவில் அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. பதற்றத்தின்போது மூச்சு வேகமாகிறது, நெஞ்சு படபடக்கிறது, விரல்களில் மரத்துப்போன உணர்வு தோன்றுகிறது. இது பொதுவாகப் பத்து நிமிடங்களுக்குள் உச்சத்தை அடைந்து, பின் மெல்லத் தணியும். உடலின் ஆக்சிஜன் அளவு குறைவதில்லை. காய்ச்சலும் இருப்பதில்லை. நுரையீரல் பாதிப்பினால் வரும் மூச்சுத்திணறல் நடக்கும்போது கூடும், நேரம் செல்லச் செல்ல மிகும், பெரும்பாலும் காய்ச்சலுடனும் இருமலுடனும் சேர்ந்து வரும்.

பல்ஸ் ஆக்சிமீட்டர் கருவி இருந்தால் ஐந்து நிமிடங்கள் அமர்ந்திருந்து, கையை மார்பு மட்டத்தில் அசையாமல் வைத்து அளவு பாருங்கள். நகச்சாயமோ மருதாணியோ இல்லாத விரலைப் பயன்படுத்தவும். சாரல் காலத்தில் விரல் குளிர்ந்திருந்தால் அளவு பொய்யாகக் குறைந்து காட்டும். கையைத் தேய்த்துச் சூடாக்கிய பின் பார்க்கவும். 94 அல்லது அதற்கு மேல் இருப்பது பொதுவாகக் கவலைக்குரியதன்று. 93 அல்லது அதற்குக் கீழே மீண்டும் மீண்டும் காட்டினால், உடல் நன்றாக இருப்பதாகத் தோன்றினாலும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்லவும். நீண்டகால நுரையீரல் நோய் உள்ளவர்களுக்கு வழக்கமான அளவே சற்றுக் குறைவாக இருக்கக்கூடும். நலமாக உள்ள நாளிலேயே உங்கள் வழக்கமான அளவைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளில் காலை, மாலை என இருமுறை பார்ப்பது போதுமானது. ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை பார்ப்பது பதற்றத்தையே வளர்க்கும்.

பதற்றம் என்று தெரிந்தால், நான்கு எண்ணும் நேரம் மூக்கின் வழியாக மூச்சை உள்ளிழுத்து, ஆறு எண்ணும் நேரம் மெதுவாக வெளிவிடவும். பத்து முறை செய்யலாம். வெளிவிடும் மூச்சு நீளும்போது இதயத் துடிப்பு தணிகிறது. இதனால் தணியாத படபடப்பும், நெஞ்சுவலியுடன் வரும் படபடப்பும் மருத்துவரால் பார்க்கப்பட வேண்டியவை. வீட்டிலேயே 'இது வெறும் பயம்' என்று நீங்களாக முடிவு செய்ய வேண்டாம்.

தாமாகவே மருந்து உட்கொள்ளுதல்

2021 மே மாதத்தில் 'கருப்புப் பூஞ்சை' எனப்பட்ட மியூக்கார்மைகோசிஸ் நோய் தமிழ்நாட்டில் அறிவிக்கப்பட வேண்டிய நோயாகச் சேர்க்கப்பட்டது. கட்டுப்பாடற்ற சர்க்கரை நோயும் தேவையற்ற ஸ்டீராய்டு பயன்பாடும் அதன் முக்கியக் காரணிகள். அண்டை வீட்டாருக்கு எழுதித் தரப்பட்ட மருந்துச் சீட்டைக் காட்டி மருந்துக் கடையில் மாத்திரை வாங்குவது எத்தகைய விளைவைத் தரும் என்பதற்கு இது போதிய சான்று.

கபசுரக் குடிநீர், நிலவேம்புக் குடிநீர் ஆகியவற்றை அரசு சித்த மருத்துவப் பிரிவின் அறிவுரைப்படி அருந்தலாம். இவை உங்கள் வழக்கமான மாத்திரைகளுக்கு மாற்றாகா. சிறுநீரக, கல்லீரல் நோய் உள்ளவர்களும் கருவுற்றவர்களும் கேட்ட பின்னரே அருந்த வேண்டும். கொதிநீரில் ஆவி பிடிக்கும்போது பாத்திரம் கவிழ்ந்து குழந்தைகளுக்குத் தீக்காயம் ஏற்படுவதுண்டு. ஆகவே குழந்தைகள் உள்ள வீட்டில் இதனைத் தவிர்ப்பது நன்று. வாசலில் வேப்பிலை கட்டுவதிலும் மஞ்சள் நீர் தெளிப்பதிலும் தீங்கில்லை. மனத்துக்கு அமைதி தருமெனில் செய்யுங்கள். அதனோடு, சன்னல்களைத் திறந்து வையுங்கள், நெரிசலான இடங்களில் முகக்கவசம் அணியுங்கள், கைகளைச் சோப்பினால் கழுவுங்கள், உரிய தடுப்பூசிகளைப் பெற்றுக்கொள்ளுங்கள்.

பக்கத்து வீட்டில் தொற்று ஏற்பட்டால்

2020 ஏப்ரல் 19 அன்று கொரோனாவால் உயிரிழந்த சென்னை நரம்பியல் அறுவை சிகிச்சை மருத்துவர் சைமன் ஹெர்குலிஸின் உடலை அடக்கம் செய்யவிடாமல் ஒரு கூட்டம் தாக்குதல் நடத்தியது. முறையாக அடக்கம் செய்யப்பட்ட உடலிலிருந்து சுற்றுப்புறத்தில் தொற்று பரவுவதில்லை. இருந்தும் வதந்தி அவர்களை அங்கே கொண்டுவந்து நிறுத்தியது. இவ்வாறான தடைகளைத் தண்டனைக்குரிய குற்றமாக்கும் அவசரச் சட்டம் அதே மாதத்தில் தமிழ்நாட்டில் பிறப்பிக்கப்பட்டது.

அத்தகைய பெரிய நிகழ்வுகள் அரிதானவை. சிறியவை அன்றாடம் நிகழ்கின்றன. பால்காரர் அந்த வீட்டைத் தவிர்ப்பது, தண்ணீர்க் குழாயடியில் ஒதுங்கி நிற்பது, பீடி சுற்றும் பெண்களிடம் இலையும் தூளும் கொடுக்க மறுப்பது, பாதிக்கப்பட்டோரின் பெயர்ப்பட்டியலை அலைபேசியில் பகிர்வது ஆகியவை இதில் அடங்கும். இவை மனிதநேயமற்றவை என்பதோடு, மருத்துவ நோக்கிலும் தீங்கானவை. ஒரு குடும்பம் ஒதுக்கப்படுவதைக் கண்ட அடுத்த பத்துக் குடும்பங்கள் தங்கள் காய்ச்சலை மறைக்கும். மறைக்கப்பட்ட காய்ச்சலே தெருவில் பரவுகிறது. காய்ச்சல் முகாமுக்கு வரும் செவிலியரிடம் உண்மையைக் கூறத் துணியும் தெருவே பாதுகாப்பான தெரு.

தனிமையில் உள்ள வீட்டாருக்குக் காய்கறி, மருந்து ஆகியவற்றை வாசற்படியில் வைத்துவிட்டு, தள்ளி நின்று நலம் விசாரிக்கலாம். நாளுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு பேருதவியாக இருக்கும்.

பராமரிப்போர் கவனத்திற்கு

படுக்கையில் உள்ள தாயையோ மனவளர்ச்சி குன்றிய பிள்ளையையோ பராமரிப்பவருக்கு இவ்வாரத்தில் எழும் கேள்வி ஒன்றே: "எனக்கு வந்துவிட்டால் இவரை யார் பார்ப்பார்?" இக்கேள்விக்கு மனத்தில் விடை தேடிக்கொண்டே இருந்தால் உறக்கம் வராது. தாளில் எழுதினால் பாதிச் சுமை குறையும். நோயாளியின் பெயர், நோய்கள், மாத்திரைகளின் பெயரும் நேரமும், ஒவ்வாமை, பார்க்கும் மருத்துவர், உணவு ஊட்டும் முறை, இரவில் எழும் நேரம், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருக்கும் இடம் ஆகியவற்றை ஒரே தாளில் எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டவும். உங்களுக்கு மாற்றாக வரக்கூடிய இருவரிடம் இப்போதே பேசி, அவர்கள் இசைவைப் பெற்று, எண்களையும் அத்தாளில் எழுதவும். ஒருவர் மட்டும் போதாது, ஏனெனில் அதே வாரத்தில் அவருக்கும் காய்ச்சல் வரலாம்.

உங்களுக்கே காய்ச்சல் வந்தால் முகக்கவசம் அணிந்து, சன்னலைத் திறந்து வைத்துப் பராமரிப்பைத் தொடர நேரிடலாம். வேறு வழியில்லாத வீடுகளில் இதுவே நடைமுறை. குற்ற உணர்வு கொள்ள வேண்டாம். பரிசோதனை செய்துகொண்டு, செவிலியருக்குத் தெரிவித்துவிடுங்கள்.

நாளுக்கு அரை மணி நேரமாவது பராமரிப்புப் பணியிலிருந்து விலகி இருங்கள். மாடியிலோ தோட்டத்திலோ நடப்பதும் போதும். மூன்று இரவுகளுக்கு மேல் தொடர்ந்து உறக்கம் வராமை, உணவு இறங்காமை, அழுகையை அடக்க இயலாமை, வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் ஆகியவற்றுள் ஒன்று இருந்தாலும் உதவி கேட்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. தற்கொலை எண்ணம் தோன்றினால் தனியாக இருக்க வேண்டாம்; அருகில் உள்ளவரிடம் அப்போதே கூறவும்.

உதவி எண்கள்

நட்புடன் உங்களோடு (டெலி மானஸ்) மனநலச் சேவை: 14416. நாள் முழுவதும், கட்டணமின்றி, தமிழில் பேசலாம். பெயரைக் கூற விரும்பாவிட்டாலும் பேசலாம்.

மருத்துவ ஆலோசனையும் தகவலும்: 104.

அவசர ஊர்தி: 108. தொற்று இருப்பதாக ஐயம் இருந்தால் அழைக்கும்போதே தெரிவிக்கவும். பணியாளர்கள் உரிய பாதுகாப்புடன் வருவர், ஊர்தி மறுக்கப்படாது.

தென்காசி மாவட்ட அரசு தலைமை மருத்துவமனையிலும் தாலுகா அரசு மருத்துவமனைகளிலும் அவசர சிகிச்சைப் பிரிவு எல்லா நேரங்களிலும் செயல்படுகிறது. வரும்போது மாத்திரைச் சீட்டையும், மேலே குறிப்பிட்ட தாளின் நகலையும் கொண்டுவரவும்.